நான்கு விரல் வெயில்

அன்புள்ள ஐயா,

உங்கள் எழுத்தைப் பல ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். கடிதம் எழுதுவது இதுவே முதல் தடவை.

என் அப்பா காலமாகி எட்டு மாதங்கள் ஆகின்றன. 71 வயது. விடுமுறை என்றால் அவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. கூடாரம், நடை, ஏரி, படகு என்று எங்கள் எல்லோரையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் இருக்கும் இடத்தில் சிரிப்பு இருக்கும். அவர் நினைவாகப் பன்னிரண்டு பக்கத்தில் சிறு நூல் ஒன்றை அச்சிட்டு, உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் கொடுக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். மூத்தவள் என்பதால் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. முதல் பத்தியை இப்படி எழுதியிருக்கிறேன்:

“எங்கள் அப்பா கலகலப்பானவர். குடும்பத்தின் மீது அளவற்ற பாசம் கொண்டவர். இயற்கையை நேசித்தவர். மழை பெய்தால் மண்வாசனையை ரசித்தபடி நிற்பார். அம்மா எப்போதும் அவருக்குத் துணை நின்றார்.”

இதற்கு மேல் ஒரு வரிகூட நகரவில்லை.

என் சந்தேகங்கள் இவை. இதை ‘நான்’ என்று தன்மையில் எழுதுவதா, ‘அவர்’ என்று படர்க்கையில் மட்டும் எழுதுவதா? இரண்டாவது, ஒருமுறை ஏரியில் எங்களைச் சிரிக்கவைப்பதற்காக அப்பா படகில் எழுந்து நின்று ஆடினார். படகு கவிழ்ந்தது. இடுப்பளவுத் தண்ணீர்தான். ஐந்து பேரும் நனைந்தோம். பெரிய தம்பி அழுதான், சின்னத் தம்பி செருப்பைத் தொலைத்தான், நான் அப்பாவின் தொப்பியைப் பிடித்துக்கொண்டு கரையேறினேன். இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்போம். ஆனால் நினைவு நூலில் அப்பாவை அப்படிக் காட்டுவது மரியாதையாக இருக்காது, அதை விட்டுவிடு என்கிறான் பெரிய தம்பி. மூன்றாவது, எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. துக்கத்தின் ஐந்து நிலைகளில் நான் முதல் நிலையான மறுப்பிலேயே நிற்கிறேன் என்று தோழி ஒருத்தி சொல்கிறாள். இரவில் குழந்தைகள் தாத்தா எங்கே என்று கேட்டால் ஒரு நட்சத்திரத்தைக் காட்டுகிறேன். அது தவறா என்றும் தெரியவில்லை.

எங்களிடம் நானூறு புகைப்படங்களுக்கு மேல் இருக்கின்றன. எல்லாவற்றையும் எடுத்தவர் அவர் என்பதால் ஒன்பது படத்தில்தான் அப்பா இருக்கிறார்.

எம்.

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்பு பழைய காகிதங்களைக் கழித்துக்கொண்டிருந்தேன். என் அப்பா இறந்தபோது நான் எழுதிய அஞ்சலியின் கைப்பிரதி அதில் கிடைத்தது. முதல் வரி: “கலகலப்பானவர், குடும்பமே உலகம் என்று வாழ்ந்தவர், இயற்கையின் காதலர்.” எழுதுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவன், தன் தகப்பனைப் பற்றி எழுத உட்கார்ந்து, இதைத்தான் எழுதியிருக்கிறான். படித்தபோது காது மடல் சுட்டது. அந்தச் சூடு தணிவதற்குள் உங்கள் கடிதம் வந்தது. அதிலும் அதே மூன்று சொற்கள். ஆகவே இனி வரும் திட்டில் பாதி எனக்கானது. மீதியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் தோழியை அனுப்பிவைத்துவிடலாம். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற ஐந்து நிலைகளும் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969இல் வெளியிட்ட நூல் வழியாகப் பிரபலமானவை. அவர் உட்கார்ந்து பேசியது யாரிடம்? சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளிடம். தன் மரணத்தை எதிர்கொள்கிறவரைப் பற்றிச் சொன்னதைப் பிற்பாடு எல்லோருமாகச் சேர்ந்து, இருக்கிறவர்கள் ஏறவேண்டிய படிக்கட்டாக மாற்றிவிட்டார்கள். நீங்கள் எந்தப் படியிலும் நிற்கவில்லை. அழுகை வராவிட்டால் வர வேண்டாம். வருகிற அன்று அது உங்களிடம் அனுமதி கேட்கப்போவதில்லை. கடையில் வரிசையில் நிற்கும்போதுகூட வரலாம். கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

நட்சத்திரம். குழந்தைகளுக்குக் காட்டுங்கள், ஆட்சேபம் இல்லை. ஆனால் இந்தப் பேச்சின் வாலைப் பிடித்துக்கொண்டு யாராவது ஒருவர் வருவார்: “நாம் பார்க்கும் நட்சத்திரங்கள் எல்லாம் எப்போதோ செத்துப்போனவை, வெளிச்சம் மட்டும்தான் வந்துகொண்டிருக்கிறது” என்பார். அதை மட்டும் நூலில் சேர்த்துவிடாதீர்கள். வெறும் கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்கள் பெரும்பாலும் சில ஆயிரம் ஒளியாண்டுகளுக்குள் இருப்பவை. அவற்றின் ஆயுளோ கோடிக்கணக்கான ஆண்டுகள். ஏறக்குறைய எல்லாமே இந்த நிமிடம் உயிரோடு எரிந்துகொண்டிருக்கின்றன. இரவு வானில் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ் 8.6 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. இன்று இரவு அதைப் பார்த்தால், உங்கள் அப்பா உயிரோடு உங்களை எங்கோ இழுத்துக்கொண்டு திரிந்த காலத்தில் புறப்பட்ட வெளிச்சம் அது. குழந்தைகளிடம் இதைச் சொல்லலாம்.

இப்போது உங்கள் முதல் பத்திக்கு வருகிறேன்.

கலகலப்பானவர். இந்தச் சொல்லால் எனக்கு என்ன தெரிந்தது? ஒன்றும் தெரியவில்லை. ஜோக் சொல்வாரா, கிச்சுக்கிச்சு மூட்டுவாரா, அடுத்தவர் நடையை நடந்து காட்டுவாரா, தன் ஜோக்குக்குத் தானே முதலில் சிரித்துவிடுவாரா? என் அப்பா கடைசி வகை. முடிக்கும் முன்பே சிரிப்பு முந்திக்கொள்ளும். ஜோக்கின் முடிவு என்ன என்று அம்மாதான் எங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கும். அதைப் பிறகு பார்க்கலாம்.

மண்வாசனையை ரசிப்பார். யார்தான் ரசிக்க மாட்டார்கள்? மண்ணில் வாழும் ஒருவகை பாக்டீரியா உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு அந்த வாசனையில் பெரும் பங்கு உண்டு. லட்சம் கோடியில் சில பங்கு காற்றில் கலந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். காய்ந்த நிலத்தில் மழை விழும்போது எழும் அந்த மணத்துக்கு 1964இல் இசபெல் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் பெட்ரிகோர் என்று பெயரே வைத்தார்கள். மனித இனம் முழுவதற்கும் உரிய மூக்கை உங்கள் அப்பாவுக்கு மட்டும் உரிய குணமாக எழுதியிருக்கிறீர்கள். “அப்பாவுக்கு மூச்சு விடப் பிடிக்கும்” என்பது போல இருக்கிறது. அவர் எங்கே நின்று ரசிப்பார்? வாசலிலா, மழைக்குள்ளேயா? செருப்போடா, இல்லாமலா? அப்போது யாரையாவது கூப்பிடுவாரா? கூப்பிட்டால் என்ன சொல்லிக் கூப்பிடுவார்? அந்த ஒரு வாக்கியம் கிடைத்தால் உங்கள் பத்தியின் மற்ற ஐந்து வரியையும் அடித்துவிடலாம்.

இயற்கையை நேசித்தவர். இந்தச் சொற்றொடர் மீது எனக்குப் பழைய பகை. வெளியில் சுற்றுகிற மனிதனிடம் நேசம் என்று தனியாக ஒன்றும் தெரியாது. அவனிடம் இருப்பது கைப்பழக்கம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக் கூடாரத்தின் வாயைத் திருப்பி வைப்பது, ஒரே இழுப்பில் அவிழும்படி முடிச்சுப் போடுவது, ஈர விறகில் எது முதலில் பற்றும் என்பது, கூழாங்கல்லில் எது வழுக்கும் என்பது. அதோடு சில அரைகுறை அறிவியல். நிச்சயமாகச் சொல்லப்பட்ட சில தவறான கணக்குகள். ஆள் போகும்போது இவைதான் போகின்றன. நாமோ ‘நேசித்தவர்’ என்று எழுதிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்கிறோம்.

என் அப்பாவின் கணக்கு ஒன்றைச் சொல்கிறேன்.

சாயங்காலம் மலைப்பக்கமோ நீர்ப்பக்கமோ எங்கே இருந்தாலும், “திரும்பலாமா?” என்று அம்மா கேட்டதும், அப்பா வலது கையை முழுதாக நீட்டுவார். உள்ளங்கை தன் பக்கம் பார்க்க, விரல்களைக் கிடையாக அடுக்கி, ஆள்காட்டி விரலின் மேல்விளிம்பு சூரியனின் அடியைத் தொடுமாறு வைப்பார். ஒரு கண்ணை மூடிக்கொள்வார். சுண்டுவிரல் அடிவானத்தைத் தொட்டால் நான்கு விரல். ஒரு விரலுக்குக் கால் மணி நேரம். “நான்கு விரல் இருக்கிறது. முழுசாக ஒரு மணி நேரம்” என்று அறிவிப்பார். உடனே நாங்கள் மூன்று பேரும் கையை நீட்டி அளப்போம். என் விரல்கள் ஒல்லியானவை என்பதால் எனக்கு ஐந்தாறு விரல், அதாவது கூடுதல் நேரம், கிடைக்கும் என்பது என் நப்பாசை. எத்தனை முறை அளந்தாலும் நான்குதான் வந்தது. விரல் சிறிதாக இருந்தால் கையும் குட்டையாக இருக்குமே. கண்ணுக்கும் விரலுக்கும் இடையில் உள்ள விகிதம் மாறாது. அது புரியாமல் அப்பா ஏதோ மந்திரம் செய்கிறார் என்று நினைத்தேன்.

அந்த ஒரு மணி நேரம் ஒருநாளும் ஒரு மணி நேரமாக இருந்ததில்லை. ஒவ்வொரு முறையும் பாதி வழியில் இருட்டிவிடும். “இன்றைக்கு மேகம்” என்பார் அப்பா. “இன்றைக்கு மலை மறைத்துவிட்டது” என்பார். டார்ச் விளக்கு எடுத்துவருவதை அவர் கௌரவக் குறைவாக நினைத்தார். அவர் பையில் கயிறு, பேனாக்கத்தி, மவுத் ஆர்கன் ஆகிய மூன்றும் இருக்கும். மற்ற எல்லாமே அம்மாவின் பையில். இருட்டியதும் அம்மா ஒன்றும் பேசாமல் தன் பையிலிருந்து டார்ச்சை எடுத்துப் பாதையில் அடிப்பார். அந்த வட்ட வெளிச்சத்துக்குள் அப்பா மவுத் ஆர்கன் வாசித்தபடி முன்னால் போவார். நாங்கள் பின்னால். பார்ப்பவர்களுக்கு எவ்வளவு கலகலப்பான குடும்பம்!

வளர்ந்த பிறகு கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வானம் ஒரு மணிக்கு 15 பாகை சுழல்கிறது. நீட்டிய கையில் ஒரு விரலின் அகலம் ஏறக்குறைய இரண்டு பாகை. சூரியன் செங்குத்தாக இறங்கும் நிலநடுக்கோட்டுப் பகுதிகளில் ஒரு விரலைக் கடக்க அதற்கு எட்டு நிமிடம் போதும். நான்கு விரலுக்கு அரை மணி நேரம். துருவங்களை நோக்கிப் போகப்போக அது சாய்வாக இறங்கும், மெதுவாக மறையும், அந்தி நீளும்; அங்கேதான் கால் மணிக் கணக்கு கொஞ்சமாவது சரிப்பட்டு வரும். எந்த அட்சரேகைக்காரன் எழுதியதையோ எங்கோ படித்துவிட்டு, அப்பா அதை எங்கள் தலைக்கு மேலிருந்த வானத்தில் கொண்டுவந்து பொருத்தியிருக்கிறார்.

இடிக் கணக்கும் இப்படித்தான். மின்னல் வெட்டியதும் எண்ணத் தொடங்குவோம். ஆறு எண்ணும்போது இடி கேட்டால், “ஆறு கிலோமீட்டர். இன்னும் நேரம் இருக்கிறது” என்பார். வெட்டவெளியில் நின்றுகொண்டு, கோரஸாக எண்ணிக்கொண்டு, அவ்வளவு ஆனந்தமாக இருந்தோம். அம்மா கூரைக்குக் கீழே நின்று கத்திக்கொண்டிருப்பார். எனக்குப் பதின்மூன்று வயதானபோது அறிவியல் வகுப்பில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் என்றார்கள். ஒரு கிலோமீட்டரைக் கடக்க அதற்கு மூன்று விநாடி. ஆறு எண்ணினால் இரண்டே கிலோமீட்டர். தவிர, இடி காதில் விழுகிறது என்றாலே நாம் மின்னலின் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறோம். உடனே உள்ளே போய்விட வேண்டும், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் வெளியே தலைகாட்டக் கூடாது. ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் முகம் ஒரு கணம் வெளிறியது. அடுத்த கணம் மலர்ந்துவிட்டது. “அப்படியானால் நாம் எவ்வளவு பக்கத்தில் நின்றிருக்கிறோம்!” என்றார். அது அம்மா காதில் விழுந்துவிட்டது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

பாருங்கள், இரண்டு கணக்கும் ஒரே பக்கமாகத்தான் பிழைத்தன. இன்னும் நேரம் இருக்கிறது, இன்னும் தூரம் இருக்கிறது. கையில் இருப்பதைவிடக் கூடுதலாக இருப்பதாகவே அந்த மனிதருக்கு எப்போதும் தோன்றியது. பணத்திலும் அப்படித்தான், வயதிலும் அப்படித்தான். இதை நான் அவர் போன பிறகுதான் கண்டுபிடித்தேன், அதுவும் ‘கலகலப்பானவர்’ என்ற சொல்லைக் கிழித்துப் போட்ட பிறகு. உங்கள் அப்பாவின் கணக்குகள் எந்தப் பக்கம் பிழைத்தன? யோசித்துப் பாருங்கள். கூடாரத்து முளை ஒன்று குறைந்தால் என் அப்பா காலை முழுவதும் யாரோடும் பேச மாட்டார், கண் சிவந்துவிடும். அதையும் நான் எழுதவில்லை. முளைக்காக மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்ளும் ஆளுக்கு ‘கலகலப்பானவர்’ என்ற சொல்லுக்குள் இடம் இல்லை.

உங்கள் தம்பி படகை விட்டுவிடச் சொல்கிறார். அவரிடம் ஒரு சங்கதி சொல்லுங்கள். ஃபிரெடரிக் பார்ட்லெட் என்ற கேம்பிரிட்ஜ் உளவியலாளர், வட அமெரிக்கப் பழங்குடிகளின் கதை ஒன்றைச் சிலரிடம் படிக்கக் கொடுத்தார். சற்று நேரம் கழித்தும், வாரங்கள் கழித்தும், மாதங்கள் கழித்தும் அதைத் திரும்பச் சொல்லவைத்தார். 1932இல் அந்த ஆய்வு நூலாக வந்தது. சொல்லச் சொல்லக் கதை சிறுத்தது. விசித்திரமான பகுதிகள் முதலில் உதிர்ந்தன. தெரியாதவை தெரிந்தவையாக மாறின. கதையில் வந்த தோணி, சொன்னவர்களின் வாயில் சாதாரணப் படகாகிவிட்டது. சீல் வேட்டைக்குப் போனவர்கள் மீன்பிடிக்கப் போனவர்களாகிவிட்டார்கள். யாரும் பொய் சொல்ல நினைக்கவில்லை. நினைவு தன் போக்கில் மழுக்கிக்கொண்டே போனது.

குடும்பத்து நினைவும் அதைத்தான் செய்கிறது. நாம் சும்மா இருந்தாலே போதும், முப்பது வருடத்தில் அந்தப் படகு கரைந்துவிடும், தொப்பி கரைந்துவிடும், செருப்பு கரைந்துவிடும், ‘கலகலப்பானவர்’ மட்டும் மிஞ்சும். அந்த வேலையை உங்கள் தம்பி இன்றைக்கே செய்துமுடிக்கப் பார்க்கிறார். மரியாதையாம்! படகில் எழுந்து நின்று ஆடிய மனிதர் மரியாதையைப் பற்றிக் கவலைப்பட்டவராகத் தெரியவில்லையே. சிரிக்கலாமா என்ற கேள்விக்கு இதற்கு மேல் நான் பதில் சொல்லப்போவதில்லை.

அந்தப் படகுக் கதையில் வேறொன்று என்னை உறுத்துகிறது. ஐந்து பேரும் நனைந்தோம் என்கிறீர்கள். அப்பா ஆடினார். பெரிய தம்பி அழுதான். சின்னத் தம்பி செருப்பைத் தொலைத்தான். நீங்கள் தொப்பியைப் பிடித்துக்கொண்டு கரையேறினீர்கள். நான்கு பேர்தான் கணக்கில் வருகிறார்கள். ஐந்தாவது ஆள் எங்கே, எம்.? கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். உங்கள் அம்மாவைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டீர்கள்.

“அம்மா எப்போதும் அவருக்குத் துணை நின்றார்.” எங்கே நின்றார்? எத்தனை மணி நேரம் நின்றார்? கால் வலித்ததா? ‘துணை நின்றார்’ என்பது நம் மொழியில் பெண்கள் மீது போர்த்தப்படும் பொன்னாடை. போர்த்திவிட்டால் உள்ளே இருக்கும் ஆள் தெரிய மாட்டார். ஒரு மனிதர் விடுமுறைதோறும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கிளம்பினார் என்றால், அதற்கு முந்தைய இரவு யாரோ ஒருவர் எத்தனை செட் உடை என்று எண்ணியிருக்கிறார், மருந்தைத் தேடி எடுத்திருக்கிறார், போன முறை எந்தப் பிள்ளைக்கு எதைக் கண்டால் பயம் என்று நினைவு வைத்திருக்கிறார். திரும்பி வந்ததும் அத்தனை ஈரத் துணியையும் சேற்றையும் யாரோ கழுவியிருக்கிறார். நீங்கள் அப்பாவின் தொப்பியைப் பிடித்துக்கொண்டு கரையேறினீர்களே, அழுத தம்பியைத் தூக்கியது யார்? தொலைந்த செருப்புக்குப் பதிலாகச் சின்னவன் எதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்? அம்மாவுக்கு நீச்சல் தெரியுமா? இதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மூன்று பக்கக் கடிதத்தில் ஒரு வரியாவது வந்திருக்கும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் என் அஞ்சலியில் “அம்மா துணை நின்றார்” என்றுதான் எழுதினேன். சொல் மாறாமல் அதே வரி.

அச்சாகி வந்ததை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, “நன்றாக இருக்கிறது” என்றார். யாருடைய அப்பாவைப் பற்றியோ கேட்டது போல இருந்தது முகம். எனக்குப் பொறுக்கவில்லை. எதையாவது பேசவைக்க வேண்டும் என்று, “அது சரி, ஒவ்வொரு தடவையும் டார்ச் எடுத்து வருவாயே, இருட்டிவிடும் என்று உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

“உன் அப்பா நான்கு என்றால் இரண்டு” என்றார்.

பாகை, சுழற்சி, அட்சரேகை என்று நான் காகிதத்தில் போட்டுக் கண்டுபிடித்த விடை அது. அரை மணி நேரம். கல்யாணமான முதல் வருடத்திலேயே அம்மா அதைக் கண்டுபிடித்துவிட்டாராம். “ஏன் சொல்லவில்லை?” என்றேன். “சொன்னால் கையை நீட்ட மாட்டாரே. அப்படி நீட்டிக்கொண்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிற்பாரே, அதற்காகத்தானே நானும் கிளம்பிப் போனேன்” என்றார். பிறகு இடிக்கு நிற்பதைப் பற்றித் திட்ட ஆரம்பித்தார். முப்பது வருடத்துக் கோபம், சூடு ஆறாமல் இருந்தது. ஒரு மணி நேரம் திட்டினார். என் அப்பாவைப் பற்றி நான் கேட்ட பேச்சிலேயே உருப்படியான பேச்சு அது. எழுதிவைத்துக்கொள்ளத் தோன்றாமல் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் எழுத உட்கார்ந்தால் பாதி போய்விட்டது. நீங்கள் அந்தத் தவறைச் செய்யாதீர்கள், கையில் தொலைபேசி இருக்கிறது, ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள்.

அப்பாவின் கடைசி மாதத்தில் கட்டிலை ஜன்னல் ஓரமாகப் போட்டிருந்தோம். எழுந்து உட்கார முடியாது. ஒருநாள் சாயங்காலம் நானும் அம்மாவும் பக்கத்தில் இருந்தபோது, போர்வைக்குள் இருந்து கையை எடுத்து மெல்ல நீட்டினார். விரல்கள் நடுங்கின. ஒன்றோடொன்று ஒட்டவில்லை. அம்மா எழுந்து போய் அவர் முழங்கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்துத் தாங்கிப்பிடித்தார். அப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“இரண்டு விரல் இருக்கிறது” என்றார்.

“சரி” என்று சொல்லி, அவர் கையைப் போர்வைக்குள் வைத்துவிட்டு, அம்மா போய் அறையின் விளக்கைப் போட்டார்.

இது என் அஞ்சலியில் இல்லை.

புகைப்படங்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஒன்பதுதான் என்று வருத்தப்படாதீர்கள். வெளிச்சம் எடுப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பது அந்தக் காலத்தில் கேமரா வாங்கிய ஒவ்வொருவருக்கும் சொல்லப்பட்ட பாடம். அதனால்தான் பழைய படங்களில் எல்லோரும் வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறோம். சாயங்காலம் எடுத்த படங்களாகப் பொறுக்கி, கீழ் ஓரத்தைப் பாருங்கள். புல்லின் மீது நீளமாக ஒரு நிழல் விழுந்திருக்கும், முழங்கைகள் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு. அச்சகத்தில் அதை வெட்டிவிடப் பார்ப்பார்கள். விடாதீர்கள்.

நீங்கள் கேட்டதையே மறந்துவிட்டேன். தன்மையா, படர்க்கையா? எது கைக்கு வருகிறதோ அதில் எழுதுங்கள். ‘நான்’ என்று தொடங்கி நடுவில் ‘அவர்’ என்று போனாலும் உறவினர் யாரும் வழக்குப் போட மாட்டார்கள். பன்னிரண்டு பக்கம் போதாது என்றால் பதினாறு ஆக்கிக்கொள்ளுங்கள். நடுவில் பின் அடிக்கும் சிறு நூலுக்கு நான்கு நான்காகத்தான் பக்கம் கூட்ட முடியும்.

அந்த நான்கு பக்கத்தை அம்மாவுக்குக் கொடுங்கள். படகு எந்தப் பக்கமாகக் கவிழ்ந்தது, அவர் எந்தப் பலகையில் உட்கார்ந்திருந்தார், கரைக்கு வந்ததும் உங்கள் அப்பாவைப் பார்த்து முதலில் என்ன சொன்னார் என்று கேளுங்கள். கேட்கும்போது பெரிய தம்பியும் பக்கத்தில் இருக்கட்டும்.